உடலை எந்த வரிசையில் படிப்பது? அவசர சிகிச்சை மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சேலத்தில் அவசர சிகிச்சைப் படிப்பில் சேர வாழப்பாடி, ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்திருப்பார்கள். வந்து உட்கார்ந்ததுமே அனாடமி, பிசியாலஜி, பேத்தாலஜி என்று மூன்று பாடங்கள் தலைமேல் வந்து இறங்கும். உடலின் அமைப்பு, அது வேலை செய்யும் விதம், அது கெட்டுப்போகும் விதம். 206 எலும்புகள், 31 ஜோடி தண்டுவட நரம்புகள், 12 ஜோடி மூளை நரம்புகள் என்று பட்டியல் நீள ஆரம்பித்ததும், "சார், இதை எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று ஒருவர் கேட்பார். அவசியமான கேள்வி அது. எதை முதலில் படித்தோமோ அதுவே ஆம்புலன்ஸில் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

பட்டப்படிப்பு என்றால் மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் மருத்துவமனைப் பயிற்சி. எமர்ஜென்சி கேர் டெக்னீசியன் சான்றிதழ் படிப்பு என்றால் மொத்தமே ஒரு வருடம். படிக்க வேண்டிய உடல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதனால்தான் வரிசை முக்கியமாகிறது.

பொதுவாக மூன்று வழிகள் உண்டு. தலை, கழுத்து, மார்பு, வயிறு, கை, கால் என்று பகுதி பகுதியாகப் படிப்பது ஒன்று. சுவாச மண்டலம், ரத்த ஓட்ட மண்டலம், நரம்பு மண்டலம் என்று மண்டலம் மண்டலமாகப் படிப்பது இன்னொன்று. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் என்று நோயாளி சொல்லும் தொல்லையிலிருந்து உள்ளே போவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே நோயாளிமேல் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட். காபிச் செடிகளுக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தவர் பதினைந்தடி உயரத்திலிருந்து இடது பக்கமாக விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பேசுகிறார், எழுந்து உட்காரவும் பார்க்கிறார். இடது கீழ் விலாவில் வலி. கூடவே, "தோள்பட்டையும் வலிக்குதுங்க" என்கிறார். தோளில் ஒரு சிராய்ப்பு கூட இல்லை, கையை நன்றாகத் தூக்குகிறார். நாடி 116. ரத்த அழுத்தம் 112/90. மூச்சு நிமிடத்துக்கு 24. கை சில்லென்று இருக்கிறது.

பகுதி பகுதியாகப் படித்தவருக்கு உடனே தோன்றுவது மண்ணீரல். இடது பக்கம் ஒன்பதாவது விலாவிலிருந்து பதினோராவது விலா வரைக்கும் உள்ளே அதுதான் இருக்கிறது. (1, 3, 5, 7, 9, 11 என்று ஒற்றைப்படை எண்களாக மனப்பாடம் செய்வார்கள்: ஒரு அங்குல தடிமன், மூன்று அங்குல அகலம், ஐந்து அங்குல நீளம், ஏழு அவுன்ஸ் எடை, 9 முதல் 11 வரை விலா.) அதன் பின்னால் இடது சிறுநீரகம், மேலே உதரவிதானம், அதற்கும் மேலே நுரையீரலின் கீழ் நுனி. விலா உடைந்திருந்தால் இந்த நான்கில் எதற்கும் சேதம் இருக்கலாம் என்று அவர் யோசிப்பார். அதே சமயம், தோள்பட்டை ஏன் வலிக்கிறது என்பதற்கு அவரிடம் பதில் இருக்காது. தோள் வேறு பகுதி ஆயிற்றே.

மண்டலவாரியாகப் படித்தவருக்கு அந்தப் பதில் தெரியும். உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் நரம்புகளிலிருந்து புறப்பட்டு நெஞ்சுக்குள் இறங்கி வருகிறது. தோளின் மேல்பக்கத் தோலுக்கான உணர்வும் அதே இடத்தில்தான் போய்ச் சேருகிறது. மண்ணீரலிலிருந்து கசிந்த ரத்தம் உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை உறுத்தும்போது, மூளை அதைத் தோள் வலியாக எடுத்துக்கொள்கிறது. அந்த 112/90 என்ன சொல்கிறது என்பதும் இவருக்குத்தான் புரியும். மேல் அளவு நன்றாக இருக்கிறது என்று நிம்மதியடைய இடமில்லை. இரண்டு அளவுக்கும் இடையில் சாதாரணமாக 40 இருக்கும். இங்கே 22 தான் இருக்கிறது. ரத்தம் குறைந்ததும் உடல் ரத்தக்குழாய்களை இறுக்கிக் கீழ் அளவைத் தூக்கிப் பிடிக்கிறது, இதயத்தை வேகமாக ஓட விடுகிறது, தோலுக்குப் போகிற ரத்தத்தை நிறுத்திவைக்கிறது. கை சில்லிட்டது அதனால்தான். 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 4.2 லிட்டர் ரத்தம். அதில் ஒரு லிட்டருக்கு மேல் போன பிறகும் மேல் அளவு ஏறக்குறைய அப்படியே நிற்கலாம்.

தொல்லையிலிருந்து படித்தவர் இவ்வளவும் யோசிக்காமலே சரியான காரியங்களைச் சரியான வரிசையில் செய்துவிடுவார். உயரத்திலிருந்து விழுந்தவர் என்றதும் கழுத்தை அசையாமல் பிடிப்பது, சுவாசப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்று பார்ப்பது, ஆக்சிஜன், ஐ.வி. லைன், கதகதப்பு, தாமதிக்காமல் கிளம்புவது. பட்டியல் கையில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத ஒன்று நடக்கும்போதுதான் இவருக்குக் கஷ்டம்.

ஒரே ஆள், ஒரே விபத்து, மூன்று விதமான பார்வை. இனி ஒவ்வொன்றாக எடைபோடலாம்.

பகுதி பகுதியாகப் படிக்கும் முறைதான் பழையது. இத்தாலியின் போலோன்யாவில் மொந்தினோ என்ற ஆசிரியர் 1316-ல் உடலை அறுத்துப் பார்ப்பதற்கான கையேட்டை எழுதினார். முதலில் வயிறு, அப்புறம் மார்பு, அப்புறம் தலை, கடைசியில் கைகால். காரணம் நடைமுறை சார்ந்தது: பதப்படுத்தும் வழி இல்லாத காலத்தில் குடல்தான் முதலில் அழுகும். அதாவது, இந்த வரிசை பிணத்தின் வசதிக்காக வந்தது. இன்றைக்கும் மருத்துவக் கல்லூரியின் அறுவைக் கூடத்தில் பகுதிவாரியாகத்தான் வேலை நடக்கிறது. ஆனால் பாராமெடிக்கல் மாணவர்கள் பலருக்கு உடலை அறுத்துப் படிக்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. பிளாஸ்டிக் மாடலும் சுவர் சார்ட்டும்தான் கிடைக்கும். சார்ட்டைப் பார்த்துக் கையின் இருபது தசைகளை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் இந்த முறையில் ஒரு துண்டு இருக்கிறது, அதை எந்த மாணவரும் விடக்கூடாது. வெளியிலிருந்து தொட்டு உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பது. அதற்குப் பிணம் வேண்டாம், உங்கள் உடம்பே போதும். இப்போதே செய்து பாருங்கள். கழுத்தின் அடியில், இரண்டு காறை எலும்புகளுக்கும் நடுவில் ஒரு குழி இருக்கிறது. அதில் விரலை வைத்து மார்பெலும்பின் மேலேயே கீழ்நோக்கி நகர்த்துங்கள். மூன்று நான்கு விரற்கடை இறங்கியதும் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டின் நேர் பக்கத்தில் ஒட்டியிருப்பது இரண்டாவது விலா. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினால் நான்காவது இடைவெளி வரும். இ.சி.ஜி.க்காக மார்பில் ஒட்டும் மின்முனைகளில், இங்கே மார்பெலும்பின் வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. ஐந்தாவது இடைவெளியில் காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே வி4. இ.சி.ஜி. எடுக்கும்போது எண்ணாமல் கண்மதிப்பில் ஒட்டுபவர்கள் வி1, வி2 இரண்டையும் ஒன்றிரண்டு இடைவெளி மேலே வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் இல்லாத மாரடைப்பு கோட்டில் தெரியலாம். அதே மேட்டுக்கு நேர் உள்ளேதான் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. மூச்சை வெளியே விடும்போது உதரவிதானம் முலைக்காம்பு மட்டம் வரை ஏறுகிறது. ஆகவே அந்த மட்டத்துக்குக் கீழே கத்திக்குத்துப் பட்டால் அது மார்புக் காயமா, வயிற்றுக் காயமா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, இரண்டும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நண்பர் ஒருவரை உட்காரவைத்து, மார்க்கர் பேனாவால் விலா, இதயத்தின் ஓரம், கல்லீரலின் கீழ் எல்லை, மண்ணீரல் எல்லாம் தோல்மேல் வரைந்து பழகினால் ஒரு மாலையில் படிவது ஒரு மாத சார்ட்டில் படியாது. பகுதிமுறையிலிருந்து இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்டலவாரி முறைக்கும் வயது குறைவில்லை. 1543-ல் வெசாலியஸ் வெளியிட்ட பெரிய படநூலே எலும்பில் தொடங்கி, தசை, ரத்தக்குழாய், நரம்பு என்று போகிறது. இன்றைய அறிமுகப் பாடநூல்கள் பெரும்பாலும் இந்த வழிதான். செல், திசு, தோல், எலும்பு, தசை என்று தொடங்கி, நரம்பு, ஹார்மோன் தாண்டி, ரத்தம், இதயம், நுரையீரல் என்று வரும். பல்கலைக்கழகத் தேர்விலும் "இதயத்தின் அமைப்பைப் படத்துடன் விளக்குக" என்றுதான் கேட்பார்கள். மதிப்பெண் வேண்டுமானால் இந்த வழி இல்லாமல் முடியாது, அதில் சந்தேகமே வேண்டாம். பிசியாலஜியை உருப்படியாகக் கற்றுத்தருவதும் இந்த முறை ஒன்றுதான். நரம்பு எப்படித் தசைக்குச் செய்தி சொல்கிறது, சிறுநீரகம் எப்படி உப்பைத் தக்கவைக்கிறது என்பதெல்லாம் பகுதிமுறையில் துண்டு துண்டாகச் சிதறிப்போகும்.

இதன் குறை உள்ளடக்கத்தில் இல்லை, வரிசையில்தான். தோலும் எலும்பும் முதல் சில மாதங்களைத் தின்றுவிடுகின்றன. மணிக்கட்டின் எட்டு எலும்புகளின் பெயரும் சொல்லத் தெரிந்த மாணவர், நுரையீரலைத் திறக்கும் முன்பே காஷுவால்ட்டி போஸ்டிங்குக்குப் போய் நிற்பார். எதிரே மூச்சுத் திணறலோடு ஒரு பாட்டி. ஒரு வருடச் சான்றிதழ் படிப்பில் இது அடிக்கடி நடக்கிறது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அந்தப் பிள்ளை சோம்பேறியாக இருந்ததால் அப்படி ஆகவில்லை, புத்தகம் வைத்த வரிசை அப்படி.

மூன்றாவது வழிக்கு வருவோம். நோயாளியிடமிருந்து தொடங்கிப் பாடத்துக்குப் போகும் முறையை 1969-ல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி முழுப் பாடத்திட்டமாகவே கொண்டுவந்தது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மாணவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும், பிடிக்கத்தான் செய்யும். கதை இருக்கிறது, ஆள் இருக்கிறார், பரபரப்பு இருக்கிறது, படித்தது மறக்காது. 108 சேவை தமிழ்நாட்டில் 2008-ல் வந்ததிலிருந்து, வண்டியில் ஏறுகிறவருக்குத் தேவையான படிப்பு இதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி.

மீதிப் பாதிக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் வேலை செய்யும் ஐம்பது வயதுக்காரர். மேல்வயிறு எரிச்சல், இரண்டு முறை வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை. "கேஸ் பிடிச்சிருக்கு, ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்கிறார் வீட்டில் ஒருவர். வயிற்றுத் தொல்லை என்ற தலைப்பில் படித்தவர் அல்சர், பித்தப்பை, கணையம் என்று போவார். இதயத்தின் கீழ்ச்சுவர் உதரவிதானத்தின் மேல் படுத்திருக்கிறது, அந்தச் சுவருக்கு ரத்தம் கொடுப்பது பெரும்பாலானவர்களுக்கு வலது கரோனரி தமனி, அதே தமனிதான் இதயத் துடிப்பின் மின்முடிச்சுகளுக்கும் பெரும்பாலும் ரத்தம் கொடுக்கிறது என்று தெரிந்தவர் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். நாடி 48. வியர்த்துக் கொட்டுகிற, வலியில் இருக்கிற ஆளுக்கு நாடி வேகமாக அல்லவா இருக்க வேண்டும்? இ.சி.ஜி.யில் கீழ்ச்சுவரைக் காட்டும் 2, 3, ஏவிஎஃப் கோடுகள் தூக்கியிருக்கும். இன்னும் ஒரு படி: கீழ்ச்சுவர் மாரடைப்பில் வலது கீழறையும் சேர்ந்து பாதித்திருந்தால், நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை ரத்த அழுத்தத்தைத் தடாலென்று இறக்கிவிடும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தை நம்பித்தான் அந்த அறை ஓடிக்கொண்டிருக்கிறது, மாத்திரை அதையே குறைத்துவிடுகிறது. நெஞ்சு வலிக்கு இந்த மாத்திரை என்று பட்டியலாகப் படித்தவர் இங்கே நோயாளிக்குக் கெடுதல் செய்துவிடக்கூடும்.

இரண்டாவது, விடியற்காலை வயிற்று வலி. தரையில் படுத்துத் தூங்கிய பையன் நான்கு மணிக்கு எழுந்து வயிறு வலிக்கிறது என்கிறான். கடி எதுவும் தெரியவில்லை. வயிற்றுப் பட்டியலில் இதற்கு வழியே இல்லை. கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்காது, தடம் கூடத் தெரியாது. அதன் நஞ்சு நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தைத் தாக்குகிறது. முதலில் சோர்வது சின்னச் சின்னத் தசைகள். கண்ணிமை சரியும், பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க முடியாது, அப்புறம்தான் மூச்சுத் தசைகள் நிற்கும். நரம்பு மண்டலத்தை ஒழுங்காகப் படித்தவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்த கையோடு, "மேலே பாருடா தம்பி" என்று சொல்லி இமையைக் கவனிப்பார். அந்த ஒரு பார்வை கிடைத்துவிட்டால் அவர் முகக்கவசத்தையும் மூச்சுக் கொடுக்கும் பையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் வண்டியில் உட்காருவார். ஆன்டிவெனம் இருக்கும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவலும் போய்விடும்.

ஆக, தொல்லைவழிப் படிப்பு அடித்தளம் போட்ட பிறகு மிக நல்லது, அடித்தளமாக ஆபத்தானது. மூன்றையும் வைத்துப் பார்த்தால் நான் மாணவர்களுக்குச் சொல்வது நான்காவது ஒன்று: மண்டலங்களையே படியுங்கள், ஆனால் புத்தக வரிசையை விட்டுவிட்டு ஆக்சிஜன் போகும் பாதையைப் பின்தொடருங்கள். காற்று, சுவாசப் பாதை, நுரையீரல், ரத்தம், இதயம், ரத்தக்குழாய், செல். அவசர நிலையில் மனிதர் இறப்பது இந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் அடைப்போ ஓட்டையோ விழுவதால்தான். மூளை உடல் எடையில் 2 சதவீதம், ஆனால் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுதான் வாங்கிக்கொள்கிறது. இதயம் நின்ற பத்து, பதினைந்து நொடிக்குள் நினைவு போய்விடும். நாலைந்து நிமிடத்தில் மூளை செல்கள் சாக ஆரம்பிக்கும். சுவாசப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்று வகுப்பில் கற்றுக்கொடுக்கும் முதலுதவி வரிசையும் இதே பாதைதான்.

சேர்வராயன் மலையும் சேலமும் இந்தப் பாதையைப் படிக்க வசதியான இடங்கள். முதல் படியான காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு. அப்படியானால் எல்லாருக்கும் ஆக்சிஜன் அளவு குறைய வேண்டாமா? குறைவது ஒன்றிரண்டு புள்ளிதான். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கும் வரைபடம் மேலே தட்டையாக இருக்கிறது. அழுத்தம் நன்றாகக் குறைந்தால்கூட ஹீமோகுளோபின் 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பியேதான் இருக்கும். ஆனால் 90-க்குக் கீழே அந்தக் கோடு செங்குத்தாகச் சரிகிறது. மலைநோய் என்பது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் பேச்சு. ஆகவே ஏற்காட்டில் ஒரு சுற்றுலாப் பயணி மூச்சுத் திணறுகிறார் என்றால் மலையைக் காரணம் காட்டாதீர்கள், நுரையீரலையும் இதயத்தையும் பாருங்கள். ஏற்கெனவே 91-ல் நிற்கிற நுரையீரல் நோயாளிக்கு மட்டும் மலை உண்மையிலேயே ஒரு சுமை. அவர் அந்தச் சரிவின் விளிம்பில் நிற்கிறார்.

நான்காவது படியான ரத்தத்துக்கும் மலையிலேயே பாடம் உண்டு. மார்கழிக் குளிரில் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி அடுப்பு மூட்டிக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அது ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 99 என்று காட்டும். தலைவலி, வாந்தி, குழப்பத்தோடு ஒரே அறையில் இரண்டு மூன்று பேர் என்றால் கருவி சொல்வதை ஒதுக்கிவிட்டு முழு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். ரத்தசோகையும் இதே படிதான். ஹீமோகுளோபின் 5 இருக்கும் பெண்ணுக்கும் ஆக்சிமீட்டர் 99 காட்டும். இருக்கிற லாரிகள் எல்லாம் நிறைந்துதான் வருகின்றன, லாரிகளே குறைவு.

கடைசிப் படியான செல்லுக்கு மரவள்ளிக்கிழங்கு இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைகளால் சேலம் மாவட்டமே மரவள்ளி நாடு. அந்தச் செடியின் இலையிலும் கிழங்கிலும் லினமாரின் என்ற பொருள் உண்டு. நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு வெளிவரும். இலையை மேய்ந்த ஆடு மாடு செத்துப்போவதை ஊர்க்காரர்கள் அறிவார்கள். சயனைடு செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை நிறுத்திவிடுகிறது. காற்று இருக்கிறது, நுரையீரல் நன்றாக இருக்கிறது, ரத்தம் நிறைய ஆக்சிஜன் ஓடுகிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கசப்பு ரகக் கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டு மயங்கியவரைப் பார்க்கும்போது இந்தப் படி ஞாபகத்தில் இருந்தால் போதும், ஆக்சிமீட்டரில் வரும் எண்ணைப் பார்த்து ஏமாற மாட்டீர்கள்.

நடுப்படிகளான நுரையீரலும் இதயமும்தான் உங்கள் வேலையில் அதிகம். மூச்சிரைக்கும் முதியவருக்கு ஆஸ்துமாவா, இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதா என்பது ஸ்டெதஸ்கோப்பில் சில சமயம் பிடிபடாது, இரண்டிலும் வீசிங் கேட்கும். படுத்தால் அதிகமாகிறதா, ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாரா, காலில் வீக்கம் உண்டா என்று கேட்கத் தோன்றுவது பாதை தெரிந்தவருக்குத்தான். படுக்கும்போது காலிலிருந்து ரத்தம் இதயத்துக்கு அதிகமாகத் திரும்புகிறது. தளர்ந்த இதயம் அதைத் தள்ள முடியாமல் நுரையீரலில் தேக்குகிறது. இதைப் புரிந்துகொண்டவர் மலையிறங்கும் வண்டியில் இன்னொன்றையும் யோசிப்பார். ஸ்ட்ரெச்சரில் நோயாளியின் தலை வழக்கமாக டிரைவர் பக்கம்தான் இருக்கும். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள், பாதை முழுக்க இறக்கம். மட்டமாகப் படுக்கவைத்தால் அவ்வளவு தூரமும் தலை கீழே, கால் மேலே. நீர் கோத்த நுரையீரலுக்கு அது மோசம், தலைக்காயத்துக்கும் மோசம். ஆகவே கிளம்பும் முன்பே முதுகுப் பலகையைத் தூக்கிவிட வேண்டும். நுரையீரலில் நீர் கோத்தவரை நன்றாக நிமிர்த்தி உட்காரவைக்கலாம். தலைக்காயக்காரருக்கு முப்பது டிகிரி போதும், அவருக்குத் தண்டுவட அடி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் முதுகை மடக்காமல் ஸ்ட்ரெச்சரையே தலைப்பக்கம் உயர்த்த வேண்டும். வளைவுகளில் காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்கள் கலங்கி வாந்தி வரும். நினைவில்லாதவராக இருந்து, சுவாசப் பாதைக்குக் குழாய் போடவில்லை, கழுத்து அடியும் இல்லை என்றால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சக்‌ஷனைக் கையில் வைத்துக்கொள்வதுதான் வழி.

இந்த வழிக்கும் குறை உண்டு. சிறுநீரகம், ஹார்மோன், கர்ப்பம், தோல் எல்லாம் பாதைக்கு வெளியே நிற்கின்றன. எலும்புகூட ரத்தம் போகும் இடமாகத்தான் உள்ளே வரும்: தொடை எலும்பு உடைந்தால் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் ரத்தம் தொடைக்குள்ளேயே தேங்கலாம், இடுப்பெலும்பு உடைந்தால் அதைவிடவும் அதிகம். சர்க்கரையை மட்டும் ஆக்சிஜனோடு சேர்த்தே படித்துவிடுங்கள். மூளைக்கு இரண்டும் தேவை. ஒரு பக்கம் கைகால் விழுந்து, வாய் கோணி, பேச்சுக் குழறுகிறவரைப் பக்கவாதம் என்று முடிவுகட்டும் முன் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தால் சில சமயம் சர்க்கரைக் குறைவே அப்படி வேடம் போடும். மற்றவை எல்லாம் பிறகு வரட்டும். தேர்வு நெருங்கும்போது பாடநூல் வரிசைக்குத் திரும்பி அத்தியாயம் அத்தியாயமாகப் படம் வரைந்து பழகத்தான் வேண்டும். இந்த இரட்டை வேலை சிரமம்தான், ஆனாலும் பாதை தெரிந்த பிறகு அந்த அத்தியாயங்கள் வேகமாக ஓடும்.

யார் எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரு வருடச் சான்றிதழ் மாணவர் தயக்கமே வேண்டாம், ஆக்சிஜன் பாதையில் தொடங்குங்கள். கூடவே தினம் கொஞ்ச நேரம் தோல்மேல் தொட்டுப் படிப்பது. முதல் போஸ்டிங்குக்கு முன் பாதையை ஒரு முறையாவது முடித்துவிட வேண்டும், எலும்புப் பட்டியல் காத்திருக்கலாம். பட்டப்படிப்பு மாணவருக்கு அவசரம் குறைவு. கல்லூரி நடத்தும் மண்டல வரிசையிலேயே போகலாம், ஆனால் முதல் செமஸ்டர் விடுமுறையில் இதயம், நுரையீரல் இரண்டையும் தானே முன்கூட்டிப் படித்துக்கொண்டால் நல்லது. ஏற்கெனவே வண்டியில் வேலை செய்துகொண்டே மேற்படிப்புக்கு வருகிறவர்களுக்கு மட்டும் நான் தொல்லைவழியைச் சொல்வேன். அவர்களிடம் பார்த்த நோயாளிகள் நிறைய இருக்கிறார்கள், ஒவ்வொருவரிடமிருந்தும் பின்னோக்கி நடந்து காரணத்தைப் பிடிக்க முடியும்.

நோயியலை எங்கே வைப்பது என்று தனியாகக் கேட்பார்கள். தனியாக வைக்காதீர்கள். ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு படி எழுதுங்கள்: மேலே அமைப்பு, நடுவில் வேலை, கீழே அது கெடும் வழிகள். சுவாசப் பாதைப் பக்கத்தில் நினைவிழந்தவரின் நாக்கு பின்னால் விழுவது, குழந்தை விழுங்கிய நிலக்கடலை, ஒவ்வாமை வீக்கம். நுரையீரல் பக்கத்தில் நிமோனியா, ஆஸ்துமா, காற்று புகுந்து அமுங்கிய நுரையீரல். இதயப் பக்கத்தில் மாரடைப்போடு அரளி விதையும் வரட்டும், அதன் நஞ்சு இதயத் தசையின் சோடியம் பொட்டாசியம் பம்ப்பை நிறுத்தி நாடியை மந்தமாக்குகிறது. ரத்தக்குழாய்ப் பக்கத்தில் மிளகு பறித்தவரின் மண்ணீரல். போஸ்டிங்கில் ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும், பெயர் எழுதாமல், பார்த்த நோயாளியை அவருக்கு உரிய பக்கத்தில் ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள். எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று தெரியாத நோயாளி வந்தால் அவரைப் பற்றித்தான் மறுநாள் டியூட்டி டாக்டரிடம் கேட்க வேண்டும்.